மணியும் ரப்பர் டியூபும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மணிகளுக்கு நடுவே ரப்பர் டியூப் துண்டுகள் வைத்துக் கோர்த்த மாலை, இரண்டே நாளில் தளர்ந்து, உள்ளே ஓடும் கியர் ஒயர் (மணி கோர்க்கும் மெல்லிய உலோகக் கம்பி) வெளியே தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: முதலில் வெட்டைப் பாருங்கள். கத்தரிக்கோல் வைத்தால் டியூப் நசுங்கிய பிறகுதான் அறுபடும், முனை சாய்ந்துபோகும். சாய்ந்த முனை மணியின் ஒரு பக்கத்தில் மட்டும் முட்டி நிற்கும். போட்டுப் புழங்கும்போது அது அமுங்கிப் படிய, மறுபக்கம் பிறை மாதிரி இடைவெளி திறக்கும். புது பிளேடை நேர்குத்தாக வைத்து ஒரே அழுத்தில் வெட்டுங்கள். அட்டையில் 10 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டு, அதன் மேல் டியூபை இழுக்காமல் கிடத்தி வெட்டினால் துண்டுகள் ஒரே அளவில் வரும்.

அடுத்து, கிரிம்ப் மணியை (ஒயர் முனையைப் பிடித்து நிறுத்தக் குறடால் நசுக்கும் சின்ன உலோக மணி) நசுக்கும் நேரம். மேசை மேல் நீட்டி வைத்து ஒயரை இறுக்காதீர்கள். கழுத்தில் கிடப்பதுபோல் வளைத்துப் பிடித்து, துண்டுகளை ஒருமுறை மணியோடு நெருக்கிவிட்டு, 1 அல்லது 2 மி.மீ. தளர்வு விட்டு நசுக்குங்கள். அதிகம் இறுக்கினாலும் ஆகாது. டியூப் அமுங்கி, மாலை கம்பி போல விறைத்து நிற்கும். மணியின் துளை டியூபைவிடப் பெரிதா என்றும் பாருங்கள். பெரிதென்றால் டியூப் மெல்ல மணிக்குள்ளேயே நுழைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், துளைக்குள் போகாத ஒரு சின்ன பாசிமணி வைத்தால் தடுத்துவிடலாம்.

கேள்வி: 2 மி.மீ. டியூபில் கண்ணாடி மணிகளை ஆங்காங்கே நிறுத்த ஆசை. ஆனால் துளை டியூபைவிடச் சற்றுச் சிறியது.

பதில்: அந்தச் சிறிய துளைதான் உங்களுக்கு வேண்டியது! டியூப் நுனியைப் பென்சில் போலச் சரித்து வெட்டி மணிக்குள் விடுங்கள். மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நுனியைக் குறடால் பிடித்து இழுங்கள். இழுக்க இழுக்க ரப்பர் மெலியும், மணி வழுக்கிக்கொண்டு வரும். வேண்டிய இடம் வந்ததும் விட்டால், டியூப் பருத்து மணியைக் கவ்விக்கொள்ளும். முடிச்சும் வேண்டாம், பசையும் வேண்டாம். நகராவிட்டால் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பி வலுவிழக்கும். துளையின் விளிம்பு கூராக இருந்தால் டியூபை அறுத்துவிடும், முதலிலேயே தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

கேள்வி: கொக்கி இல்லாமல் டியூபை வளையமாக மூட்ட முடியுமா?

பதில்: முடியும். டியூபின் உள்துளையைவிட மயிரிழை அளவே பருமனான கம்பியில் 2 செ.மீ. வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். பாதியை ஒரு முனையில் செருகி, மீதியில் ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்து உடனே அடுத்த முனையை முட்டும்வரை தள்ளுங்கள். தயங்கினால் பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் டியூபில் இந்தப் பசை பிடிக்காது. கனமான பதக்கம் தொங்குவதென்றால் இந்த இணைப்பை நம்பாதீர்கள், உள்ளே முழு நீளத்துக்கும் கியர் ஒயர் ஓடட்டும்.

கேள்வி: ரப்பரோடு சேர்த்த வெள்ளி மணிகள் கறுத்துவிட்டன. ஏன்?

பதில்: ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம்தான் காரணம். வெள்ளியோடு சிலிக்கான் டியூப் சேருங்கள். இயற்கை ரப்பர் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். பிறருக்குச் செய்து தருகிறவர்கள், அவர்களுக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளுமா என்று வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.