மண்ணீரல் தமனியில் வீக்கம்: கர்ப்பத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து 34 வயது வாசகி எழுதியிருக்கிறார். பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த சிடி ஸ்கேனில், மண்ணீரலுக்குப் போகும் தமனியில் 1.8 செ.மீ. வீக்கம் தெரிந்ததாம். 'சின்னதுதான், அடுத்த வருடம் பார்க்கலாம்' என்றார்களாம். இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறார். காத்திருக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், சகோதரி. இதே வீக்கம் 65 வயது அம்மாவுக்கு இருந்தால் நானும் வருடாவருடம் ஸ்கேன் எடுத்துக் கவனிக்கத்தான் சொல்வேன். தொந்தரவு தராத வீக்கத்தை 3 செ.மீ. எட்டும்வரை பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு செல்லாது. கர்ப்பத்தில் ஹார்மோன்கள் தமனிச் சுவரைத் தளர்த்தும், ரத்த ஓட்டமும் கூடும். அந்த நேரத்தில் வெடித்தால் தாய், பிள்ளை இருவர் உயிருக்குமே பெரும் ஆபத்து. அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வயதுப் பெண்களுக்கு எந்த அளவானாலும் சிகிச்சை செய்யச் சொல்கிறது. ஆகவே முதலில் சிகிச்சை, அப்புறம் குழந்தை.

கிளினிக்கில் ரெஃபரல் கடிதம் வாங்கி, ஸ்கேன் டிஸ்க்கோடு ரத்தநாள அறுவை நிபுணரைப் பாருங்கள். அவர் சிடி ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி ரத்தநாளங்களைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லக்கூடும். வீக்கம் தமனியின் நடுவில் இருக்கிறதா, அது மண்ணீரலுக்குள் நுழையும் வாசலிலா என்பது அதில் தெளிவாகும். சிகிச்சை முறையே அதைப் பொறுத்தது. முன்பு கணைய அழற்சியோ வயிற்றில் அடியோ பட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அவற்றால் வருவது போலி வீக்கமாக (தமனிச் சுவர் கிழிந்து, கசிந்த ரத்தம் பை போல் தேங்குவது) இருக்கலாம், அது சிறிதானாலும் வெடிக்கும்.

நடுவில் இருந்தால் பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, பிளாட்டினக் காயில்களால் (மெல்லிய கம்பிச் சுருள்கள்) தமனியை அடைப்பார்கள். வீக்கத்துக்கு முன்னும் பின்னும் அடைப்பது முக்கியம், இல்லாவிட்டால் ரத்தம் பின்பக்கமாகத் திரும்பி வந்துவிடும். 'அடைத்தால் மண்ணீரல் செத்துவிடாதா?' என்று பலரும் பயப்படுகிறார்கள். இரைப்பையிலிருந்து வரும் சிறு தமனிகள் அதற்கு ரத்தம் கொடுக்கும். சில நாட்கள் இடப்பக்க வலியும் காய்ச்சலும் வரலாம்.

வாசலில் இருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், சிலருக்கு மண்ணீரலையே எடுக்க நேரும். அப்படியானால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி) கிருமிகளுக்கான தடுப்பூசிகளை அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கிடையில் இடது மேல்வயிற்றில் திடீரென்று கடும் வலி வந்து, தோளுக்குப் பரவி, தலை சுற்றினால் உடனே 999. வலி தணிந்துவிட்டாலும் வீட்டில் இருக்காதீர்கள். முதல் கசிவு சற்று நின்று, பிறகு மொத்தமாக வெடிப்பது இந்த நோயில் உண்டு.