‘சைட்டுக்கு வெளியே கொடுத்தால் 4,500 ரூபாய் குறைவு’: மீதிப் பணத்தை அனுப்பலாமா?

கேள்வி: வீட்டிலேயே நைட்டி, ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். மகளிர் குழுவில் 30,000 ரூபாய் கடன் வாங்கி, பவர் ஓவர்லாக் மெஷின் (துணி ஓரம் பிரியாமல் தைப்பது) ஒன்றை ஆன்லைன் விற்பனை சைட்டில் பார்த்தேன். மோட்டார், டேபிள் எல்லாம் சேர்த்து 31,500 ரூபாய். பொருள் வந்தபின் பணம் தரும் முறையில் ஆர்டர் போட்டேன். மெஷின் போட்டோவிலேயே ஒரு வாட்ஸ்அப் நம்பர் இருந்தது. ஒரு சந்தேகம் கேட்க அதில் மெசேஜ் போட்டதும் ஒருவர் கூப்பிட்டார். நல்ல தமிழ், வார்த்தைக்கு வார்த்தை ‘அக்கா’. “இவ்வளவு வெயிட்டுக்கு கேஷ் ஆன் டெலிவரி சரிப்படாதுக்கா. சைட்காரனுக்குக் கமிஷன் வேற அழணும். ஆர்டரை நீங்களே கேன்சல் பண்ணிட்டு நேரா எனக்கு அனுப்புங்க, 27,000-க்குத் தர்றேன்” என்றார். யுபிஐயில் 5,000 அட்வான்ஸ் அனுப்பினேன். நான்கு நாள் ஆகிறது. பார்சல் ஆபீசில் போட்டுவிட்டதாக எல்.ஆர். ரசீது (லாரியில் சரக்கு புக் செய்ததற்கான ரசீது) போட்டோ அனுப்பி, மீதி 22,000 வந்தால்தான் லாரியில் ஏற்றுவார்கள் என்கிறார். சைட்டில் ஆர்டரை இன்னும் கேன்சல் செய்யவில்லை. “கட்டிடு, இல்லேன்னா அந்த 5,000-மும் போயிடும்” என்கிறார் என் வீட்டுக்காரர். அண்ணன் வேண்டாம் என்கிறார். ஐயாயிரத்துக்குப் போலீஸ் வரை போவதா என்று கூச்சமாகவும் இருக்கிறது. என்ன செய்ய?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: 22,000-ஐ அனுப்பாதீர்கள். முதலில் இணைய மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். இந்த இரண்டையும் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும், உங்கள் வீட்டுக்காரருக்காகவும் மீதியை எழுதுகிறேன்.

அவர் சொல்வதில் நியாயம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் கணக்கு அப்படி ஓடாது. கொடுத்த 5,000, மீதியைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் இப்போது உங்கள் கையில் இல்லை. இன்று எடுக்க வேண்டிய முடிவு 22,000-ஐப் பற்றி மட்டும்தான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அட்வான்ஸே கொடுக்காமல், முகம் தெரியாத ஒருவர் இன்று போன் செய்து, “22,000 அனுப்புங்கள், மெஷின் வரும்” என்றால் அனுப்புவீர்களா? மாட்டீர்கள் அல்லவா? விட்டதைப் பிடிக்கப் போய்த்தான் சீட்டாட்டத்தில் வீட்டை விட்டார்கள். அட்வான்ஸ் என்று சின்னத் தொகையாக முதலில் வாங்குவதும் இதற்காகத்தான். அந்த 5,000 அவர்களுக்கு வருமானம் அல்ல, தூண்டிலில் மாட்டிய புழு. 22,000 போனபின் ‘ஜிஎஸ்டி டெபாசிட், திருப்பித் தந்துவிடுவோம்’ என்று ஒரு தொகை கேட்பார்கள். அதற்குப் பின் ‘லாரி இன்சூரன்ஸ்’. ஜிஎஸ்டி என்பது பில்லுக்குள் இருக்கும் வரி. அதைத் தனியாக டெபாசிட் வாங்கித் திருப்பித் தரும் வழக்கம் எந்தக் கடையிலும் கிடையாது.

இனி அந்த 4,500 ரூபாய்த் தள்ளுபடி. ஆசை காட்டிய இடம் அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இப்படிக் கேட்கும் எல்லோரும் திருடர்கள் இல்லை. சைட்டில் விற்பவருக்கு நிஜமாகவே செலவு இருக்கிறது. கமிஷன், ஷிப்பிங், திரும்பி வரும் பொருளின் நஷ்டம், இவற்றோடு சைட் பிடித்துக்கொள்ளும் வரிகள்: விற்ற தொகையில் ஜிஎஸ்டிக்காக அரை சதவீதம் (டிசிஎஸ்), வருமான வரிக்காக 0.1 சதவீதம் (டிடிஎஸ்). பணமும் உடனே கைக்கு வராது. நீங்கள் முன்கூட்டியே கட்டும் பணம் விற்பவரின் கணக்குக்கு நேராகப் போவதில்லை. ரிசர்வ் வங்கி விதிகளின்படி, இடையில் இருக்கும் பேமென்ட் நிறுவனம் அதை எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் வைத்திருந்து பிறகுதான் விற்பவருக்குக் கொடுக்கும். நேர்மையான வியாபாரிக்கும் இது எரிச்சல்தான். ஆனால் அவருக்கு எரிச்சல் தரும் அந்த இடைவெளிதான் உங்களுக்குப் பாதுகாப்பு. பொருள் வரவில்லை என்றால் பணத்தைத் திருப்பச் சொல்லிக் கேட்க ஓர் ஆள் அங்கே இருக்கிறார். 4,500 ரூபாய்க்கு நீங்கள் விற்றது அந்த ஆளை.

விலை சரியா என்று பார்ப்போம். இதேபோல ஏழு பேரம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஆறு நல்லபடியாக முடிந்தால் மிச்சம் 6 × 4,500 = 27,000. ஏழாவது ஆள் ஏமாற்றினால் போவது 27,000. ஆறு முறை சேர்த்தது ஒரே முறையில் பூஜ்யம். “ஏழில் ஒருவரா ஏமாற்றுவார்?” என்று கேட்கலாம். பொதுவாக விற்பவர்களில் அப்படி இருக்காது. ஆனால் போட்டோவில் வாட்ஸ்அப் நம்பரைச் செருகி, ஆர்டரை நீங்களே கேன்சல் செய்யச் சொல்லி, மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறவர்களை மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்தினால், ஏழில் ஒன்று என்பதே தாராளமான மதிப்பீடு என்பேன். தவிர, நீங்கள் செய்யப்போவது ஏழு பேரம் அல்ல, ஒன்றே ஒன்று, அதுவும் குழுக் கடனில். மெஷின் வராவிட்டாலும் தவணை வரும்.

ஆள் நேர்மையானவராகவே இருந்தாலும் கதை முடிந்துவிடாது. சில வருடங்களுக்கு முன் நானே ஒரு தேக்கு ஊஞ்சலை இப்படி வாங்கினேன். (ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன்தான்!) சைட்டில் பார்த்து, விற்பவரிடம் பேசி, 2,000 ரூபாய் குறைத்து நேரடியாக அனுப்பினேன். ஊஞ்சல் சொன்ன தேதிக்கு வந்தது. பலகையில் நீளவாக்கில் ஒரு வெடிப்பும் இருந்தது. சைட்டில் வாங்கியிருந்தால் போட்டோ போட்டுத் திருப்பியிருப்பேன். அவரோ முதலில் “மரம்னா அப்படித்தான் சார்” என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. அது இன்று எங்கள் மாடிப்படிக்குக் கீழே செருப்பு வைக்கும் பலகை.

அந்த ஆள் உங்களையே ஆர்டரைக் கேன்சல் செய்யச் சொன்னது தற்செயல் அல்ல. கேன்சல் செய்யும்போது காரணம் கேட்கும். ‘மனம் மாறிவிட்டேன்’ என்பதுபோல ஒன்றைத் தட்டுவீர்கள். வாங்குகிறவரே விலகிக்கொண்டார் என்று சைட்டின் கணக்கில் பதிவாகிவிடும். 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, சைட்டில் பொருள் வாங்கியவர் எழுதிக் கேட்டால் விற்பவரின் முகவரி உள்ளிட்ட விவரங்களை சைட் கொடுத்தாக வேண்டும். புகார் கொடுத்தால் சைட்டின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். வெளியே பணம் கொடுத்தவருக்கு, “அந்தப் பரிவர்த்தனை எங்களிடம் நடக்கவில்லை” என்று சொல்லிவிட அவர்களால் முடியும். நீங்கள் இன்னும் கேன்சல் செய்யவில்லை என்பது நல்லதாயிற்று. ஆர்டர் பக்கம், விற்பவரின் பெயர், அந்த நம்பர் தெரியும் போட்டோ எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அந்தச் செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி வழியாகவே புகார் கொடுங்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேட வேண்டாம். அங்கே போலி எண்களும் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொன்றில் விழ வேண்டாம். ஒருவேளை அந்த ஆர்டரின் பேரில் பார்சல் ஏதாவது வந்தால், பிரித்து மெஷினைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

போன 5,000-க்கு வருகிறேன். 1930 என்பது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். cybercrime.gov.in தளத்திலும் புகார் செய்யலாம். யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் முக்கியம். அதோடு தேதி, நேரம், பணம் போன ஐடி ஆகியவற்றையும் சொல்லுங்கள். புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் தொகை இன்னும் இருந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள், வேறு கணக்குக்குப் போயிருந்தால் அங்கே துரத்துவார்கள். நிறுத்தி வைத்த பணம் கைக்கு வர நாளாகும்.

பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் வாய்ப்பு அதிகம். நான்கு நாளில் அந்தப் பணம் மூன்று நான்கு கணக்குகள் தாண்டியிருக்கலாம். ‘மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கியே பணத்தைத் தரும்’ என்று யாராவது சொன்னால் அதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த அந்த மூன்று நாள் விதி, உங்கள் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து போன பணத்துக்கானது. இங்கே பின் நம்பர் போட்டு அனுப்பியது நீங்களே. கிரெடிட் கார்டில் சைட்டுக்குக் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திருப்பிப் பெறும் முறை) கேட்டிருக்கலாம். ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போன யுபிஐ பணத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை.

அப்படியானால் புகார் எதற்கு? அந்தக் கணக்கு முடங்கினால் அடுத்து அதில் வந்து விழும் பணம் வெளியே போகாது. கூச்சத்தை விடுங்கள். ஐயாயிரம், மூவாயிரம் என்று போலீசுக்குப் போகக் கூசும் தொகையாகப் பார்த்து வாங்குவதுதான் இவர்கள் தொழில். ஆள் மாறாட்டம் செய்து கணினி, செல்போன் வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். தொகை சின்னது என்பதால் அது குற்றம் இல்லாமல் போகாது. புகார் கொடுத்ததை மட்டும் அந்த ஆளிடம் சொல்ல வேண்டாம். சண்டையும் வேண்டாம், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கவும் வேண்டாம். “பணம் புரட்டிக்கொண்டிருக்கிறேன்” என்று இரண்டு நாள் இழுங்கள், போதும்.

“அவர் உண்மையான கடைக்காரராக இருந்தால்?” என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். பார்த்துவிடலாம். எல்.ஆர். ரசீதில் அச்சடித்திருக்கும் எண்ணை விட்டுவிட்டு, அந்தப் பார்சல் சர்வீசின் ஈரோடு ஆபீசுக்கு நேரில் போய் ரசீது எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் ஊரில் லாரி ஆபீசுக்கா பஞ்சம்! சரக்கு புக் ஆகியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அடுத்து, யுபிஐயில் பணம் போகும்போது காட்டிய பெயரைப் பாருங்கள். 2025 நடுவிலிருந்து வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்பது விதி, பணம் வாங்குகிறவர் தன் இஷ்டத்துக்கு ஒரு கடைப் பெயரை அங்கே வைக்க முடியாது. சைட்டில் இருக்கும் கடைப் பெயர் ஒன்று, பணம் போன கணக்கின் பெயர் சம்பந்தமே இல்லாத ஒரு தனி மனிதருடையது என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஜிஎஸ்டி எண் கேட்டு வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்க்கலாம். 15 எழுத்து, முதல் இரண்டு மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33. ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள், நல்ல கடையின் எண்ணைத் திருடி அனுப்புவது சுலபம்.

எல்லாவற்றையும்விட எளிய சோதனை ஒன்று உண்டு. “27,000 வேண்டாம் தம்பி, சைட்டில் இருக்கிற 31,500-க்கே அனுப்புங்கள், மெஷின் வந்ததும் தருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். நிஜக் கடைக்காரருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, அவர் போட்ட விலைதானே அது.

பழைய சாமான் விற்கும் விளம்பரத் தளங்களில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலும் சைட் பணத்தைத் தொடுவதே இல்லை, ‘வெளியே’ என்று ஒன்றும் கிடையாது. ஆகவே நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, கையில் வாங்கும்போது பணம். ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்பர் ஆகிவிட்டது, புல்லட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன்’ என்று அடையாள அட்டை போட்டோ அனுப்புகிறவரிடம் பேச்சே வேண்டாம்.

கடைசியாக, மெஷின். ஈரோட்டிலிருந்து திருப்பூர் ஒரு மணி நேர ரயில். பனியன் கம்பெனிகள் மாற்றிவிட்ட ஓவர்லாக் மெஷின்களைச் சர்வீஸ் செய்து விற்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. கையில் மீதம் இருப்பதை எடுத்துக்கொண்டு அண்ணனோடு போங்கள். நீங்கள் தைக்கும் நைட்டித் துணியில் நான்கைந்து துண்டு கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள், நூல் அறுகிறதா, தையல் விடுகிறதா என்று உங்களுக்கே தெரியும். பில்லோடு வாங்குங்கள். கையில் இருப்பதைவிடக் குறைவாக முடிந்தால் மிச்சத்தைக் குழுக் கடனின் அசலில் கட்டிவிடுங்கள்.