ரக்பி சீசன் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? புதிதாகப் பார்க்க ஆரம்பித்த எனக்குத் தலைகால் புரியவில்லை

உங்களுக்கு மட்டுமில்லை, பல வருடமாகப் பார்க்கிற எனக்கும் அதே கதிதான். 2025 ஜூனில் நம் நாட்டு ரக்பி பிரீமியர் லீகில் சென்னை புல்ஸ் கோப்பை அடித்ததைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர் நீங்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழில் ரக்பி பற்றிக் கேட்கிறவர்கள் இப்போதெல்லாம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

நேரான பதில்: அது முடிவதே இல்லை. இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப், பிரான்ஸின் டாப் 14, அயர்லாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா வரைக்குமான கிளப்கள் ஆடும் யுஆர்சி, எல்லாம் செப்டம்பர் வாக்கில் தொடங்கி ஜூன் வரை இழுக்கும். இடையில் நவம்பரில் நாடுகளின் ஆட்டங்கள். டிசம்பரிலிருந்து மே வரை விட்டுவிட்டு ஐரோப்பியக் கோப்பைகள். பிப்ரவரி, மார்ச்சில் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ். அதே பிப்ரவரியில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் சூப்பர் ரக்பி கிளம்பிவிடும். ஜூலையில் மறுபடி நாடுகள். அது ஓய்வதற்குள் தெற்கு நாடுகளின் சாம்பியன்ஷிப், அது ஓய்வதற்குள் வடக்கில் அடுத்த கிளப் சீசன். போதாததற்கு நான்கு வருடத்துக்கு ஒரு உலகக் கோப்பை, நான்கு வருடத்துக்கு ஒரு முறை பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் ஒன்றுசேர்ந்த லயன்ஸ் அணியின் சுற்றுப்பயணம்.

ஏன் இப்படி என்றால், 1995-ல் இந்த ஆட்டம் அதிகாரபூர்வமாகத் தொழில்முறை ஆனதிலிருந்து ஒரே ஆளுக்கு இரண்டு முதலாளிகள். மாதச் சம்பளம் கொடுப்பது கிளப், பெயரும் புகழும் கிடைப்பது நாட்டுக்கு ஆடும்போது. ஜூலை, நவம்பர் போன்ற சில வாரங்களை, ஆட்டத்தின் உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பி நாடுகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த வாரங்களில் கிளப் தன் ஆளை அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் லீகை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அதனால்தான் சிக்ஸ் நேஷன்ஸ் நடக்கும்போதே டாப் 14-ம் சில வாரம் ஓடும், துலூஸ் கிளப் தன் பெரிய தலைகளையெல்லாம் பிரான்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு சின்னப் பையன்களை வைத்து ஒப்பேற்றும். அயர்லாந்திலும் நியூசிலாந்திலும் முக்கிய வீரர்களின் ஒப்பந்தம் தேசிய சங்கத்தின் கையில் இருப்பதால் அங்கே கொஞ்சம் ஒழுங்கு உண்டு. 2017-ல் சான் பிரான்சிஸ்கோவில் எல்லோரும் உட்கார்ந்து இந்தக் காலண்டரைப் பற்றிப் பேசினார்கள். வடக்கு நாடுகள் தெற்கே போகும் ஜூன் சுற்றுப்பயணத்தை ஜூலைக்குத் தள்ளினார்கள். சூப்பர் ரக்பி நடுவில் அறுபடாமல் முடிந்தது, வடக்கில் சீசன் இன்னும் ஒரு மாதம் நீண்டது.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிடுகிறேன். நான் குன்னூர்க்காரன், சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன். அப்பாவுக்குப் பக்கத்து வெலிங்டனில் தையல் கடை. அங்கே ராணுவ ஸ்டாஃப் காலேஜில் படிக்க வந்த ஓர் ஆங்கிலேய அதிகாரி, ஊர் திரும்பும்போது இங்கிலாந்தின் பாத் அணியின் நீலம், கறுப்பு, வெள்ளை ஜெர்சி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தோள்பட்டை முழங்கை வரை தொங்கும். அன்றிலிருந்து நான் பாத் ரசிகன். 'உனக்கு எதுக்குடா வெள்ளைக்காரன் ஆட்டம்' என்று கேட்பவர்களுக்கு: கல்கத்தா ஃபுட்பால் கிளப் கலைந்தபோது கையிருப்பு வெள்ளி ரூபாயை உருக்கி 1878-ல் செய்த கோப்பைக்குத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் மோதுகின்றன. கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடிமேல் யானை. அவர்களுக்கு வெட்கமில்லை, எனக்கு என்ன?

பாத் 1996-க்குப் பிறகு லீக் பட்டமே வாங்கவில்லை. 2025-ல் மறுபடி இறுதிக்கு வந்து லெஸ்டரைச் சந்தித்தது. தேதி ஜூன் 14, சனிக்கிழமை, நம் நேரம் இரவு ஏழரை. அதே நாள் இரவு ஒன்பதரைக்கு யுஆர்சி இறுதி, அயர்லாந்தின் லெய்ன்ஸ்டரும் தென்னாப்பிரிக்காவின் புல்ஸும். வருடம் பூராவும் இழுத்துவிட்டு இரண்டு இறுதியையும் ஒரே ராத்திரியில் வைக்கிறார்கள். அடுத்த சனி சூப்பர் ரக்பி இறுதி, அதற்கடுத்த சனி டாப் 14 இறுதி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு செயலியில், தனித்தனிச் சந்தா.

அன்றைக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. தங்கியிருந்தது திருப்பூர்க் குடும்பம் ஒன்று, எங்கேயும் வெளியே போக முடியாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் ஒருவன் 'அண்ணா, டிஎன்பிஎல் போடுங்கண்ணா' என்று ரிமோட்டோடு நின்றான். விருந்தாளி. என்ன செய்வது? டிவியை அவர்களுக்கு விட்டுவிட்டு சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். வீட்டுப் பெரியவர் டீ கேட்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்க்ரம்மில் பதினாறு பேர் தலையைக் கொடுத்து முட்டுவதைப் பார்த்து, 'ஏனுங் தம்பி, இது கபடி கணக்கா இருக்குது, ஆனா யாரும் பாடக் காணோமே?' என்றார். நல்ல மனிதர், வர்க்கியை டீயில் தோய்த்துக்கொண்டே கடைசி வரை என்னோடு நின்றார். கடைசி நிமிடங்களில் பாத் 23, லெஸ்டர் 21. அப்போது எங்கேயோ ஒரு கற்பூர மரம் சாய்ந்து கரண்ட் போனது, வைஃபையும் போனது. மொபைல் டேட்டாவில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விசில் ஊதியதை நான் பார்க்கவில்லை. ஸ்கோர் பக்கம் திறந்தபோது 23-21 என்றே இருந்தது, பக்கத்தில் 'முடிவு' என்று போட்டிருந்தது.

சரி, ஜெயித்தாயிற்று, ஒரு மாதமாவது அசை போடலாம் என்று பார்த்தால், ஆறாவது நாள் டப்ளினில் லயன்ஸ் முதல் ஆட்டம். எங்கள் ஃபின் ரஸ்ஸல் பாத் கோப்பையைக் கீழே வைத்த கையோடு லயன்ஸ் சட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா போய்விட்டார். மூன்றாவது டெஸ்ட் ஆகஸ்ட் 2-ல் சிட்னியில் முடிந்தது. செப்டம்பர் 25-ல் அடுத்த பிரீமியர்ஷிப் ஆரம்பம். 29 வருடம் காத்திருந்து வாங்கிய பட்டத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு வாரம்கூட இல்லை. அணியைப் பிரிந்து கொஞ்ச நாள் இருந்தால்தானே மறுபடி எப்போது ஆடுவார்கள் என்று மனசு தேடும்?

ஜூன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 2025 ஏப்ரலிலிருந்து நீலகிரிக்கு இ-பாஸில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை, மலை தாங்க வேண்டாமா? குறையெல்லாம், நான் மூன்று முறை மெசேஜ் அனுப்பியும் பாஸ் எடுக்காமல் வந்து, கல்லாறு செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டு, 'நீங்கதான் சார் பேசி விடச் சொல்லணும்' என்று சத்தம் போடுகிறவர்கள் மேல்தான். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ரிவியூவில் ஒரே ஒரு நட்சத்திரம்!

கிரிக்கெட்டும் வருடம் பூராவும்தானே ஓடுகிறது என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். ஓடட்டும். ஆனால் ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதம் மற்ற நாடுகள் பெரும்பாலும் ஒதுங்கி வழிவிடுகின்றன. ரக்பியில் அப்படி வழிவிட வைக்கும் பலம் யாருக்கும் இல்லை. தொழில்முறை வீரர்களின் கஷ்டம் உனக்கென்ன தெரியும் என்றும் கேட்பீர்கள். அவர்கள் உடம்புக்காகவும்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு என் யோசனை: சிக்ஸ் நேஷன்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். சனிக்கிழமை ஆட்டங்கள் பெரும்பாலும் நம் நேரம் இரவு ஏழே முக்கால், பத்தேகால் வாக்கில் வரும். வெள்ளி இரவு ஆட்டம் நடுராத்திரி ஒன்றரை, ஒன்றே முக்கால் வாக்கில், அதை விட்டுவிடலாம். லீகில் ஒரே ஒரு கிளப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் சந்தாவிலேயே சம்பளம் போகும். 2026 ஜூலையிலிருந்து 12 நாடுகளின் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் வேறு, ஜூலை, நவம்பர் ஆட்டங்களின் புள்ளிகளைச் சேர்த்தே கணக்கு. நல்லது நடக்கிறதா பார்ப்போம்.

2027 உலகக் கோப்பை அக்டோபர் 1-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. பல ஆட்டங்கள் நமக்குப் பகலில் வரும். சரியாக எங்கள் இரண்டாம் சீசன், ஆயுத பூஜை விடுமுறைக் கூட்டம். அந்த ஆறு வாரமும் ஹால் டிவி விருந்தினர்களுக்குக் கிடையாது என்று புக்கிங் பக்கத்தில் இப்போதே போட்டுவிட்டேன்.