ஆறு கால் குதிரை

அன்புள்ள ஐயா,

லண்டனில் ஒரு கண்காட்சியில், பெயர் தெரியாத ஓவியர் ஒருவரின் பென்சில் படத்தைப் பார்த்தோம். குதிரைகள்மேல் மூன்று பேர். 18ஆம் நூற்றாண்டு என்று எழுதியிருந்தார்கள். காலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? குதிரைகள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டிப் பறக்கின்றன. அப்படியா ஓடும்? ஒன்றுக்கு ஆறு கால் வேறு! என் மகள் அதை நோட்டில் அப்படியே வரைந்தாள். அதிகப்படிக் கோடுகளை அழித்துவிட்டு வா என்றேன்.

கு.

அன்புள்ள கு.,

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி, படத்தில் உள்ளவர்களின் மூன்று முனைத் தொப்பி, மேற்சட்டையின் தையல் இவற்றை வைத்துக் காலத்தைச் சொல்வார்கள். குதிரை அப்படி ஓடாது என்பது சரி. 1878இல் புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்தபோதுதான், நான்கு குளம்பும் தரையைத் தொடாத கணத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருப்பது தெரிந்தது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் செத்த குதிரைகளை 18 மாதம் அறுத்து, தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக வரைந்தவர். பந்தயக் குதிரையை அவரும் கால் நீட்டித்தான் பறக்கவிட்டார். அதை விடுங்கள்.

குழந்தையை ஏன் அழிக்கச் சொன்னீர்கள்? கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்று இங்கிலாந்தில் நல்ல பென்சில் என்றால் பாரோடேல் சுரங்கத்துக் கிராஃபைட். அழிப்பதற்கு ரொட்டித் துண்டு. ரப்பர் பென்சில் கோட்டை அழிக்கும் என்று விஞ்ஞானி ப்ரீஸ்ட்லி எழுதியதே 1770இல்தான். அரை அங்குலத் துண்டு மூன்று ஷில்லிங். ரொட்டிக்கு அந்த ஓவியருக்குப் பஞ்சம் இருந்திருக்காது. ஆனாலும் கோடுகள் நிற்கின்றன. குதிரை நமக்காகக் காத்து நிற்குமா? ஒரு கால் போடுவதற்குள் அது நகர்ந்துவிடும். சற்றுத் தள்ளி இன்னொரு கால். முதல் கோடு கண்ணெதிரே இருப்பதால்தான் அடுத்தது எங்கே விழ வேண்டும் என்று கைக்குத் தெரிகிறது. அதை அழித்தால் கை மறுபடி குருடாகத் தொடங்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் நான் ஒரு ஜட்காக் குதிரையை வரைந்தேன். முழங்கால் சரியாக வரவில்லை. அழி, அழி என்றார் ஓவிய ஆசிரியர். ஐந்தாவது முறை முழங்கால் இருந்த இடத்தில் தாள் கிழிந்தது. அதற்குப் பிறகு நான் குதிரை வரைந்ததேயில்லை.

இன்று மாலை மகளின் நோட்டை வாங்கி விளக்கருகே சாய்த்துப் பிடியுங்கள். அழித்த கோடுகள் மெல்லிய பள்ளமாகத் தெரியும். அவற்றின்மேலேயே அவளை மறுபடி வரையச் சொல்லுங்கள். ரப்பரை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.