ஜூலையில் பாலைவனம்: எதை வாங்குவது, எதைக் கடையிலேயே விடுவது?

கேள்வி: ஜூலை இரண்டாம் வாரம் நானும் கணவரும், 11 மற்றும் 7 வயதுப் பிள்ளைகளும், 66 வயது மாமியாரும் டல்லாஸிலிருந்து லாஸ் வேகஸ் வரை விமானத்தில் போகிறோம். அங்கே கார் எடுத்துக்கொண்டு டெத் வேலி, ஸயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் என்று எட்டு நாள் சுற்றுவதாகத் திட்டம். எல்லா இடத்திலும் கொஞ்சமாவது நடக்க ஆசை. வாங்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் போட்டேன்: ஐவருக்கும் முதுகில் மாட்டிக் குழாயால் குடிக்கும் தண்ணீர்ப் பை, கழுத்தில் மாட்டும் விசிறி, குளிர்ச்சித் துண்டு, மலையேற்ற பூட்ஸ், ஒரு சாட்டிலைட் கருவி. 900 டாலரைத் தொடுகிறது. "சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் நாம், இதெல்லாம் எதற்கு?" என்கிறார் கணவர். எதைக் குறைக்கலாம்?

பதில்: பாதிப் பட்டியலை அடித்துவிடலாம். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

சென்னையில் வியர்வை வழியும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் கொடு என்று உடம்பே கேட்கும். பாலைவனக் காற்றில் ஈரம் கிடையாது. வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடும். முதல் முறை நான் டெத் வேலியில் பேட்வாட்டர் உப்பு வெளியில் முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு வண்டிக்குத் திரும்பினேன். வியர்த்ததாகவே நினைவில்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு, பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்த மாதிரி. அவ்வளவு நீர் போனதற்குத் தாகம்கூடச் சரியாக எடுக்கவில்லை. தவிர, உங்கள் கணவர் சென்னையில் வளர்ந்தது எப்போதோ. வெயிலுக்கு உடம்பு பழகுவதெல்லாம் சில வாரங்களில் கரைந்துபோகிற சேமிப்பு. டல்லாஸில் ஏ.சி. அறைக்கும் ஏ.சி. காருக்கும் நடுவே நடக்கிற தூரத்தை அவரையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி பட்டியல். கழுத்து விசிறி வேண்டாம். காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால் அது சூட்டை எடுத்து முகத்தில்தான் வீசும். குளிர்ச்சித் துண்டும் வேண்டாம். வீட்டில் இருக்கிற ஈரிழைத் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் அதே வேலையைச் செய்யும், காய்ந்ததும் மறுபடி நனைக்கலாம். பூட்ஸுக்குப் பதிலாக, ஏற்கெனவே பழகிய, அடிப்பாகம் தேயாத ஓட்டக் காலணி போதும். புதிதாகத்தான் வாங்குவதென்றால் மாலையில் போய், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, அரை அளவு பெரிதாக எடுங்கள். இறக்கத்தில் பிள்ளைகளின் விரல் நுனி முன்பக்கம் இடிக்கக் கூடாது. ரப்பர் செருப்பு மட்டும் மணல்மேட்டுக்கு ஆகாது. 2024 ஜூலையில் டெத் வேலி மணற்குன்றுகளில் செருப்பு கழன்றுபோன ஒரு சுற்றுலாப் பயணியின் பாதங்கள் தீக்காயம்பட்டதுபோல் வெந்துவிட்டன. 1972-இல் அங்கே தரையின் சூடு 201 டிகிரி ஃபாரன்ஹீட் என்று பதிவாகியிருக்கிறது. தண்ணீர் கொதிப்பதே 212-இல்தான்.

சாட்டிலைட் கருவியையும் இப்போதைக்கு விடலாம். உங்களில் ஒருவரிடம் ஐபோன் 14 அல்லது அதற்குப் பின் வந்தது இருந்தால், சிக்னல் இல்லாத இடத்திலும் அவசரச் செய்தி அனுப்ப அதில் வசதி உண்டு. தலைக்கு மேல் திறந்த வானம் வேண்டும், அவ்வளவுதான். புறப்படும் முன் அதிலேயே இருக்கும் ஒத்திகையை ஒரு முறை செய்து பாருங்கள். போனை வெயிலில் காட்டிக்கொண்டே நடந்தால் சூடேறி அணைந்துவிடும், பைக்குள் வையுங்கள். நுழைவாயிலில் தருகிற காகித வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் பை மட்டும் வாங்கலாம், ஆனால் பிள்ளைகளுக்கு மட்டும். குழாய் வாயருகே தொங்கினால் அவர்கள் விளையாட்டாகவே குடித்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு பாட்டில்தான் நல்லது, எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் தெரியும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய 4 லிட்டர் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். ஸயானிலும் கிராண்ட் கேன்யனிலும் பாட்டில் நிரப்பும் குழாய்கள் இருக்கின்றன. வழியில் ஒரு பெரிய கடையில் தண்ணீர்க் கேனும் சாதாரண ஐஸ் பெட்டியும் வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள். தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்தாலும் ஆபத்துதான், உடம்பில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றும், வாந்தி வரும். அதனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பத்து எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. கூடவே மிக்சர், முறுக்கு. நடைப்பயணத்துக்கென்று விற்கிற விலை உயர்ந்த உப்புப் பண்டங்களைவிட உங்கள் மாமியார் செய்து தருவது எந்த வகையிலும் குறைந்ததில்லை. அவர் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சாப்பிட்டால், புறப்படும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படிக் குறைத்தால் 900-இல் 600 டாலருக்கு மேல் மிஞ்சும். அந்தப் பணத்தைத் தங்கும் அறையில் போடுங்கள் என்பேன். பூங்காவிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் மலிவு அறை எடுத்தால், எழுந்து குளித்து, காலை உணவு முடித்து, பிள்ளைகளைக் கிளப்பிப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. நடை தொடங்க வேண்டிய நேரம் அதுவல்ல, முடித்துவிட்டு நிழலுக்கு வர வேண்டிய நேரம். கிராண்ட் கேன்யனின் உட்பகுதியில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்க வேண்டாம் என்றுதான் பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் சொல்கிறார்கள். ஸயானுக்கு ஸ்பிரிங்டேல் ஊரிலேயே, கிராண்ட் கேன்யனுக்குத் தெற்கு விளிம்பிலோ அதை ஒட்டிய டுசயான் ஊரிலோ தங்கினால் ஐந்தரைக்குப் பாதையில் கால் வைக்கலாம். பணத்துக்கு வாங்கக்கூடிய ஒரே குளிர்ச்சி அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான். அறை பதிவு செய்யும்போது, இலவசமாக ரத்து செய்யும் கடைசி நாளைக் குறித்து வையுங்கள்.

இன்னொரு குளிர்ச்சி உயரம். பிரைஸ் கேன்யனின் விளிம்பு 8,000 அடிக்கு மேல். ஜூலைப் பகலிலும் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டித்தான் இருக்கும். இரவில் ஸ்வெட்டர் தேடுவீர்கள். டெத் வேலிக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தால் ஒன்றை எடுத்து பிரைஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். குவீன்ஸ் கார்டன் பாதையில் இறங்கி நவஹோ வளையம் வழியாக ஏறினால் மொத்தம் மூன்று மைல். மாமியார் மேலே விளிம்பில் உட்கார்ந்து ஆரஞ்சு நிறக் கல்தூண்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

டெத் வேலியில் ஜூலையில் நடக்கவே வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று அங்குள்ள ஃபர்னஸ் க்ரீக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்தான் இன்றும் உலகச் சாதனை. 2024 ஜூலையில் அங்கே மோட்டார் சைக்கிளில் போன குழுவில் ஒருவர் வெப்பத்தால் இறந்தார். மருத்துவ ஹெலிகாப்டரால் வர முடியவில்லை, காற்று அவ்வளவு சூடானால் அது பறக்காது. விடியலில் ஸப்ரிஸ்கி பாயின்ட், பிறகு 5,000 அடிக்கு மேல் இருக்கும் டான்டேஸ் வியூ என்று இரண்டு காட்சி முனைகள், பேட்வாட்டரில் வண்டியை விட்டு இறங்கிப் பத்து நிமிடம். போதும்.

கிராண்ட் கேன்யனில் விளிம்போடு போகிற பாதை சமதளம், இடையிடையே பஸ் நிற்கும், அலுத்தால் ஏறிக்கொள்ளலாம். பள்ளத்துக்குள் இறங்குவதென்றால் ஒரு கணக்கு: இறங்க அரை மணி என்றால் ஏற ஒரு மணி. கீழே போகப் போக வெயிலும் கூடும். இங்கே ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் மீட்கப்படுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை "நான் வரமாட்டேன், தூக்கிக்கொள்" என்று உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் ஏற்றத்தில்தான்.

கேள்வி: வாடகைக் காரில் எஸ்.யு.வி. எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: இந்த நான்கு பூங்காக்களின் முக்கியச் சாலைகள் எல்லாம் நல்ல தார்ச்சாலை. ஐந்து பேரும் பெட்டிகளும் ஐஸ் பெட்டியும் அடங்குகிற வண்டி வேண்டும், அதற்காக எஸ்.யு.வி. எடுத்தால் சரி. மண்பாதையில் ஓட்டுவதற்காக என்றால் பணம் வீண், ஏனென்றால் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் தார் போடாத சாலையைத் தடை செய்கின்றன. அங்கே டயர் கிழிந்தால் நீங்கள் தனியாகக் காசு கட்டி வாங்கிய காப்பீடும் கைகொடுக்காது. சாவி வாங்கியதும் பின்கதவைத் திறந்து மாற்று டயர் இருக்கிறதா என்று பாருங்கள். புது வண்டிகள் பலவற்றில் அதற்குப் பதில் டயர் ஓட்டையை அடைக்கும் ஒரு பசை டப்பாதான் இருக்கும். இல்லையென்றால் வேறு வண்டி கேளுங்கள், கவுன்டரில் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

யூட்டாவிலும் கலிஃபோர்னியாவிலும் எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் காரில் பூஸ்டர், அதாவது உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை, வேண்டும். வாடகை நிறுவனம் நாள் கணக்கில் வசூலிக்கும். முதுகுச் சாய்வு இல்லாத சாதாரண பூஸ்டரைச் சொந்தமாக வாங்கினால் அந்த வாடகையில் இரண்டு மூன்று நாளுக்குள் விலை கழிந்துவிடும். பெரும்பாலான விமானங்களில் அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது.

கேள்வி: பூங்கா நுழைவுக்கு ஆண்டு பாஸ் லாபமா? நாங்கள் சென்னையிலிருந்து சுற்றுலா விசாவில் வருகிறோம். இரண்டு பெரியவர்கள், 17 வயது மகன், 12 வயது மகள்.

பதில்: 2026 ஜனவரி முதல் கணக்கு மாறிவிட்டது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸ் 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. பாஸ் இல்லாத வெளிநாட்டவர் ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல், 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கட்ட வேண்டும். உங்கள் மகனோடு சேர்த்தால் மூன்று பேர், 300 டாலர், ஒரே பூங்காவுக்கு. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு 250 டாலர் பாஸ். டெத் வேலி அந்த 11-இல் இல்லை.

டல்லாஸ் வாசகிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மாமியாரிடம் கிரீன் கார்டு இருந்தால் 80 டாலரும் வேண்டாம். 62 வயது நிறைந்த குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மூத்தோர் ஆண்டு பாஸ் 20 டாலர்தான், அவரோடு அதே காரில் வருகிறவர்களையும் அது உள்ளே விடும். ஒரே நிபந்தனை, அவர் வண்டியில் இருக்க வேண்டும். "அம்மா, நீங்கள் ஹோட்டலிலேயே ஓய்வெடுங்கள்" என்று சொல்லும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸயானில் ஆற்றுக்குள்ளேயே நடக்கிற நேரோஸ் பாதைக்குத் தனிக் காலணி வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம், ஸ்பிரிங்டேலில் காலணி, தடித்த காலுறை, மரக்கோல் மூன்றையும் சேர்த்து வாடகைக்குத் தருகிறார்கள். கோலைக் கட்டாயம் எடுங்கள். பாறைகள் உருண்டையாக, பாசி பிடித்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஆற்று நீரைக் குடிக்கவோ தலை முங்கவோ கூடாது, நச்சுப் பாசி இருப்பதாக எச்சரிக்கை உண்டு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆற்றங்கரையை ஒட்டிய ரிவர்சைட் வாக் பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே பருவமழை. தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் பல மைல் தள்ளிப் பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் சுவர்போல் வந்துவிடும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் பேஜ் ஊருக்கு அருகில் ஆன்ட்டிலோப் கேன்யனில் 11 பேர் அப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அதனால் வாடகைப் பணம் கட்டும் முன் அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பார்வையாளர் மையத்தில் கேளுங்கள். கடைக்காரரிடம், பாதையை மூடினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

கேள்வி: நேரம் மாறும் என்கிறார்களே, அதில் என்ன சிக்கல்?

பதில்: கோடையில் யூட்டாவின் கடிகாரம் அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நெவாடாவும் கலிஃபோர்னியாவும் அரிசோனாவோடு ஒத்துப்போகும். நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி அரிசோனாவுக்குள் இருந்தும் யூட்டா நேரத்தையே வைத்திருக்கிறது. பேஜிலிருந்து புறப்பட்டு யூட்டாவில் காலை எட்டு மணிக்கு ஒரு குதிரைச் சவாரி பதிவு செய்திருந்தேன். ஏழே முக்காலுக்குப் போய்விட்டதாகப் பெருமையோடு இறங்கினால் அங்கே எட்டே முக்கால். குதிரைகள் கிளம்பிப் போய்விட்டன, பணமும் அவற்றோடு போயிற்று. ரசீதில் எந்த ஊர் நேரம் என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருந்தது. அதை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

கேள்வி: வெயிலுக்குக் குடை பிடித்து நடந்தால் சிரிப்பார்களா?

பதில்: பிடியுங்கள். நிழலே இல்லாத பாதையில் கூடவே வருகிற நிழல் அது ஒன்றுதான். உள்பக்கம் கருப்பும் வெளிப்பக்கம் வெள்ளி நிறமும் உள்ள குடையாகப் பாருங்கள். விளிம்பு ஓரத்தில் காற்று பலமாக இருந்தால் மடக்கிவிடுங்கள். இடி கேட்டால் குடையை மடக்கிக்கொண்டு ஓடிப்போய்க் காருக்குள் உட்காருங்கள்.