1453-ல் எந்த வழி அடைபட்டது? – வாசகர் கேள்வி, வரலாற்று ஆசிரியை பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே காலகட்டத்தைப் பற்றியவை: இடைக்காலம் முடிந்து நவீன காலம் தொடங்கிய அந்தச் சில நூற்றாண்டுகள். வகுப்பில் நான் மிகவும் விரும்பி நடத்திய பகுதி அது. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: "1453-ல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்து வணிக வழியை அடைத்தார்கள், அதனால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடிப் புறப்பட்டார்கள்" என்று பள்ளியில் படித்தேன். போட்டித் தேர்வுக்கும் அப்படியேதான் படிக்கிறேன். என் நண்பன் அது தவறு என்கிறான். எதை நம்புவது அம்மா?

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. மிளகும் கிராம்பும் ஐரோப்பாவுக்குப் போன முதன்மையான பாதை கான்ஸ்டாண்டிநோபிளைத் (இன்றைய இஸ்தான்புல்) தொடவே இல்லை. சரக்கு அரபிக்கடலைக் கடந்து செங்கடலில் ஏறி அலெக்சாந்திரியாவுக்குப் போகும். இல்லையென்றால் சிரியா வழியாகப் பெய்ரூட்டுக்குப் போகும். அங்கே வெனிஸ் வணிகர்கள் காத்திருந்து வாங்குவார்கள். அந்தப் பகுதி முழுவதும் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் கையில் இருந்தது. கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்த துருக்கியர், அதாவது ஒட்டோமான்கள், எகிப்தைப் பிடித்தது 1517-ல். அதற்குள் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன! கான்ஸ்டாண்டிநோபிளிலும் வணிகம் நின்றுவிடவில்லை. நகரம் விழுந்த மறு ஆண்டே, 1454 ஏப்ரலில், வெனிஸ் நகரம் சுல்தான் இரண்டாம் மெஹ்மதுடன் உடன்படிக்கை செய்துகொண்டது.

போர்த்துக்கீசியர் எப்போது புறப்பட்டார்கள் என்பதையும் பாருங்கள். 1415-ல் வட ஆப்பிரிக்காவின் சேயுட்டாவைப் பிடித்தார்கள். 1434-ல் ஜில் எயனஸ் என்ற மாலுமி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பொஜடோர் முனையைத் தாண்டினார். 1444-ல் லாகோஸ் துறைமுகத்தில் ஆப்பிரிக்க மனிதர்களை இறக்கி அடிமைகளாக விற்றார்கள். மூன்றுமே 1453-க்கு முன்னால் நடந்தவை. அவர்களைத் தெற்கே இழுத்தது முதலில் ஆப்பிரிக்கத் தங்கமும் அடிமை வணிகமும்தான். மிளகுக் கனவு பிறகு வந்து சேர்ந்தது.

அப்படியானால் 1453 திருப்புமுனை இல்லையா என்று கேட்பீர்கள். திருப்புமுனைதான், ஆனால் அது திருப்பியது வேறு. ஓர்பான் என்ற ஹங்கேரிய பீரங்கி வார்ப்பாளர் முதலில் கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்ட பைசாந்தியப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைனிடம்தான் வேலை கேட்டுப் போனார். அவருக்குக் கூலி கொடுக்கப் பேரரசரிடம் பணம் இல்லை. ஓர்பான் மெஹ்மதிடம் போனார். 21 வயது சுல்தான் கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, தரைவழியாக வந்த படைகளை ஆயிரம் ஆண்டுகளாகத் தடுத்து நிறுத்திய மதிலை அந்தப் பீரங்கிகள் நாள்தோறும் இடித்தன. மே 29-ல் நகரம் விழுந்தது. அதே ஆண்டு ஜூலை 17-ல், ஐரோப்பாவின் மறுகோடியில் பிரான்சின் காஸ்தியோன் என்ற இடத்தில், பிரெஞ்சுத் தளபதி ழான் பியூரோவின் பீரங்கி வரிசைமேல் பாய்ந்த ஆங்கிலேயப் படை சிதறியது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர் அதோடு முடிந்தது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் நடத்துவேன். பீரங்கிக்கும் வெடிமருந்துக்கும் பெரும் பணம் வேண்டும். அவ்வளவு வரி வசூலிக்கக்கூடிய அரசர்கள் ஓங்கினார்கள். மதிலை நம்பியிருந்த பிரபுக்கள் தாழ்ந்தார்கள்.

இன்னொரு விளைவும் உண்டு. ஜெனோவா நகர வணிகர்களின் பிடி கருங்கடலில் தளர்ந்தது. 1475-ல் அவர்களுடைய காஃபா துறைமுகமும் போயிற்று. மேற்கே ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஏற்கெனவே காலூன்றியிருந்த அவர்களுடைய மூலதனம் இன்னும் அதிகமாக அந்தப் பக்கம் திரும்பியது. உங்கள் பாடவரியில் உள்ள உண்மை இந்த அளவுதான்.

கேள்வி: 14-ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்தான் ஐரோப்பாவின் பண்ணையடிமைகளை விடுதலை செய்தது என்று ஒரு காணொளியில் கேட்டேன். உண்மையா?

பதில்: இங்கிலாந்துக்கு ஓரளவு பொருந்தும். 1347-ல் சிசிலியின் மெசினா துறைமுகத்தில் கப்பலோடு இறங்கிய நோய், நாலைந்து ஆண்டுகளில் ஐரோப்பியரில் மூன்றில் ஒரு பங்கினரையாவது கொன்றது. பாதிப்பேர் என்று கணக்கிடுவோரும் உண்டு. உழ ஆள் இல்லை. மிஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். அரசு 1349-ல் ஆணையும் 1351-ல் சட்டமும் போட்டு, கூலி நோய்க்கு முந்தைய அளவைத் தாண்டக் கூடாது என்றது. சட்டம் தோற்றது, ஆத்திரம் வளர்ந்தது. 1381-ல் தலைவரி வந்தபோது உழவர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். தலைமை தாங்கிய வாட் டைலர் கொல்லப்பட்டார். ஆனாலும் அடுத்த நூறாண்டில் அங்கே பண்ணையடிமை முறை கரைந்து போயிற்று.

கிழக்கே கதை தலைகீழ். எல்பே ஆற்றுக்கு அப்பால், பிரஷ்யாவிலும் போலந்திலும், நிலப்பிரபுக்கள் பால்டிக் துறைமுகங்கள் வழியாகத் தானியம் ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். ஆட்கள் குறைவு என்பதாலேயே இருக்கும் உழவரை நிலத்தோடு இறுக்கிக் கட்டினார்கள். எகிப்தில் கால்வாய்களைத் தூர்வார ஆளில்லாமல் பாசனமே சீர்குலைந்தது. மூன்று இடத்திலும் நோய் ஒன்றுதான். பேரம் பேசும் வலிமை யாரிடம் இருந்தது என்பதில்தான் வேறுபாடு. காணொளிகள் நோயோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: அச்சைக் கண்டுபிடித்தவர் குட்டன்பர்க் இல்லை, சீனர்கள் என்கிறார்களே?

பதில்: அச்செழுத்துகளைக் கோத்து அச்சடிக்கும் முறையை 1040-களிலேயே பீ ஷெங் என்ற சீனர் சுட்ட களிமண் எழுத்துகளைக் கொண்டு செய்தார். உலோக எழுத்தில் அச்சிட்டு இன்றும் கிடைக்கும் மிகப் பழைய நூல் கொரியாவின் 'ஜிக்ஜி', ஆண்டு 1377. மைன்ஸ் நகரத்து குட்டன்பர்க்கின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்துகளை ஒரே அளவாக வார்க்கும் அச்சுக் கருவி, ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்த உலோகம், எண்ணெய் கலந்த மை, திருகு அழுத்தி ஆகிய எல்லாவற்றையும் ஒரே பட்டறையில் இணைத்தார். காகிதமும் முன்பே வந்து சேர்ந்திருந்தது. அது சீனாவிலிருந்து சமர்கந்து, பாக்தாத், ஸ்பெயின், இத்தாலி என்று பல நூற்றாண்டுகள் நடந்து வந்த பொருள். தோலில் ஒரு பைபிள் அச்சிட ஏறத்தாழ 170 கன்றுகளின் தோல் தேவைப்பட்டது. காகிதம் இல்லாமல் அந்தப் பட்டறை என்ன செய்திருக்க முடியும்?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகப் பிடித்த செய்தி இது. மைன்ஸில் அச்சானவற்றில், நாள் குறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவை பாவமன்னிப்புச் சீட்டுகள் (பணம் கொடுத்தவருக்குப் பாவத்தின் தண்டனை குறையும் என்று திருச்சபை தந்த சீட்டு), ஆண்டு 1454. துருக்கியருக்கு எதிராக சைப்ரஸைக் காக்க நிதி திரட்டுவதற்காக அவை அச்சிடப்பட்டன. வாங்குபவர் பெயரையும் தேதியையும் எழுதக் கோடிட்ட இடம் விட்டிருந்தார்கள், இன்றைய விண்ணப்பப் படிவம் மாதிரியே. கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்த அச்சம் அச்சகத்துக்கு வேலை கொடுத்தது. 1517-ல் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூதர் எதிர்த்ததும் இதே சீட்டு விற்பனையைத்தான். அப்போது திரண்ட பணம் ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கும், வட்டிக்குக் கடன் கொடுத்த ஃபுக்கர் குடும்பத்திடம் மைன்ஸ் பேராயர் பட்ட கடனுக்கும் போனது. லூதர் இதைப்பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய சிறு பிரசங்கம் 1518-ல் வெளியாகி, இரண்டே ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. சீட்டை அச்சிட்ட கருவியே சீட்டை எதிர்த்தவரின் குரலையும் வீடுவீடாகக் கொண்டுபோனது.

கேள்வி: 1215-ன் மாக்னா கார்ட்டாதான் மக்களாட்சியின் பிறப்புச் சான்றிதழா?

பதில்: அன்று அது இங்கிலாந்து அரசர் ஜானுக்கும் பிரபுக்களுக்கும் நடுவே ஏற்பட்ட சமாதானம், அவ்வளவே. மூன்றாம் இன்னொசென்ட் போப் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே செல்லாது என்று அறிவித்துவிட்டார். ஜான் இறந்த பிறகு திருத்தி வெளியிட்டதால் பிழைத்தது. அதற்கு நாம் தரும் பொருளைப் பெரிதும் கொடுத்தவர்கள் 17-ஆம் நூற்றாண்டு வழக்கறிஞர்கள். எட்வர்ட் கோக் போன்றவர்கள் 1628-ல் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கேட்டு உரிமை விண்ணப்பம் எழுதியபோது இந்தப் பழைய ஏட்டைத்தான் ஆயுதமாக எடுத்தார்கள்.

கேள்வி: செங் ஹேயின் சீனக் கப்பற்படை அவ்வளவு பெரியது என்றால், சீனர்கள் ஏன் ஐரோப்பாவுக்குப் போகவில்லை? ஏன் நிறுத்திக்கொண்டார்கள்?

பதில்: போக வேண்டிய தேவை என்ன இருந்தது? 1405-க்கும் 1433-க்கும் இடையே ஏழு பயணங்கள். முதல் பயணத்திலேயே ஏறத்தாழ 27,000 பேர். வாஸ்கோ ட காமாவுடன் புறப்பட்டது நான்கு கப்பல், 170 பேர் அளவு. இலங்கையின் காலியில் 1911-ல் கிடைத்த, 1409 என்று நாளிட்ட செங் ஹேயின் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றி, பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகளை வரிசையிடுகிறது. இந்தியப் பெருங்கடலின் மொழிகளையும் தெய்வங்களையும் அறிந்து வந்தவர்கள் அவர்கள். கோழிக்கோட்டு சாமூதிரிக்குக் காமா கொண்டுவந்ததோ கோடிட்ட துணி, தொப்பி, பவளம், கைகழுவும் பாத்திரம், சர்க்கரை, எண்ணெய், தேன். அரசருக்குக் கொடுக்கும் பொருளா இது என்று அதிகாரிகள் சிரித்ததை, அந்தக் கப்பலில் வந்த ஒருவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

பயணங்களைத் தொடங்கிய யோங்லே பேரரசர் 1424-ல் இறந்தார். தலைநகர் வடக்கே பெய்ஜிங்குக்குப் போய்விட்டது. ஆபத்தும் வடக்கே இருந்தது; 1449-ல் மங்கோலியப் படை சீனப் பேரரசரையே சிறைப்பிடித்தது. மிகப் பெரும் செலவு பிடித்த அரசுப் பயணங்கள் நின்றன. சீன வணிகர்கள் மட்டும், தனியார் கடல் வணிகத்துக்கு அரசு போட்டிருந்த தடையை மீறியும் கடலில்தான் இருந்தார்கள். 1567-ல் ஃபூஜியன் கரையில் தடை தளர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: நவீன உலகம் தொடங்கிய ஆண்டு என்று ஒரே ஓர் ஆண்டைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? 1492 தானே?

பதில்: 1492-ன் கனம் எனக்குத் தெரியும். ஜனவரியில் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா சரணடைந்தது; மார்ச்சில் அங்கிருந்து யூதர்களை வெளியேற்றும் ஆணை; அக்டோபரில் கொலம்பஸ் கரை கண்டார். அதைத் தொடர்ந்து பெரியம்மை அமெரிக்கக் கண்டங்களில் செய்த அழிவுக்கு ஈடாக வரலாற்றில் வேறொன்றைச் சொல்வது கடினம். ஆனாலும் நான் சொல்வது 1571.

அந்த ஆண்டு லெகாஸ்பி என்ற ஸ்பானியர் மணிலாவைத் தலைமையிடமாக்கினார். அதன்பின் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து வெள்ளி ஏற்றிய கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து ஆண்டுதோறும் அங்கே வந்தன. ஃபூஜியன் வணிகர்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்து வெள்ளியை வாங்கிப் போனார்கள். அமெரிக்காவும் ஆசியாவும் இடையில் யாரும் இல்லாமல் நேராக, தொடர்ந்து கொடுக்கல் வாங்கல் செய்தது அப்போதுதான் தொடங்கியது. கப்பல்கள் 1815 வரை ஓடின.

ஏன் வெள்ளி? சீனாவை ஆண்ட மிங் அரசு வரிகளையெல்லாம் ஒன்றாக்கி வெள்ளியாகக் கேட்கத் தொடங்கியிருந்தது. 1581-ல் அது நாடு முழுவதற்கும் ஆயிற்று. ஐரோப்பாவில் ஒரு பங்கு பொன்னுக்கு 12 பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும் என்றால், சீனாவில் 6 பங்கே போதும். அந்த இடைவெளிதான் கப்பல்களை இழுத்தது. வெள்ளி வந்த இடங்களில் பெரியது, தென் அமெரிக்காவில் 1545-ல் கண்டுபிடித்த பொடோசி வெள்ளி மலை. 1570-களில் ஸ்பானிய ஆளுநர் டொலேடோ, ஆண்டீஸ் மலைச் சிற்றூர்களிலிருந்து ஆண்டுக்குப் பதின்மூவாயிரம் ஆண்கள் அளவுக்கு முறைவைத்துக் கட்டாய வேலைக்குக் கொண்டுவந்தார். பாதரசம் கலந்து தாதுவைப் பிரித்தார்கள். அதன் நஞ்சு அவர்கள் உடம்பில் இறங்கியது. ஃபூஜியன் உழவர் கட்டிய வரியில் அந்த மலையின் வெள்ளியும் இருந்தது. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த ஆண்டை நவீன உலகத்தின் தொடக்கம் என்கிறேன்.

நூல்களில் 1571 என்று தேடினால் லெபாண்டோ கடற்போர்தான் வரும். அக்டோபர் 7-ல் ஒட்டோமான் கடற்படையைக் கிறிஸ்தவக் கூட்டணி நொறுக்கியது. ஒட்டோமான்கள் அடுத்த ஆண்டே கடற்படையை மீண்டும் கட்டிவிட்டார்கள். 1573-ல் வெனிஸ் சைப்ரஸை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தது. தேர்வுக்கு லெபாண்டோவை மனப்பாடம் செய்யுங்கள், தவறில்லை. அதற்குப் பக்கத்திலேயே மணிலாவையும் எழுதி வையுங்கள்.