கனடாத் தம்பிக்குப் போன மெயில்

(கிளிநொச்சி கண்டி வீதியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: எங்கள் பாடசாலை இணையத்தளத்தைக் கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வேர்ட்பிரஸில் (தளம் கட்டும் மென்பொருள்) செய்து தந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் உள்ளே போனபோது ஒரு நீளப் பட்டியல் பிளக்இன்களுக்கு (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) அப்டேற் காட்டியது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவுசெய்து அழுத்திவிட்டேன். இப்போது 'கடுமையான தவறு' என்ற ஒரு வரியைத் தவிர ஒன்றும் இல்லை. வாணி விழா, மெய்வல்லுநர் போட்டிப் படங்கள் போய்விட்டனவா? அழித்துவிட்டுப் புதிதாகப் போடவா? திங்கட்கிழமை அதிபர் கேட்பார்.
– ஐ.சி.ரி. ஆசிரியை, மல்லாவி

பதில்: அழிக்காதையுங்கோ ரீச்சர். எழுதியவை டேற்றாபேஸில் இருக்கின்றன, படங்கள் 'அப்லோட்ஸ்' கோப்புறையில் இருக்கின்றன. பிளக்இன் விழுந்ததால் அவை இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. அழித்துப் போட வெளிக்கிட்டால்தான் படம் போகும்.

2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படி விழுந்தவுடன் வேர்ட்பிரஸ் தானே ஒரு மெயில் அனுப்பும். எந்த பிளக்இன் விழுத்தியது என்று அதில் பெயரோடு இருக்கும். குழப்படி செய்யும் பிளக்இன்னை நிறுத்திவைத்துக்கொண்டு உங்களை உள்ளே விடும் இணைப்பும் இருக்கும். ஆனால் யாருக்கு அனுப்பும்? தளத்தின் நிர்வாகி என்று பதிந்த முகவரிக்கு. உங்கள் தளத்தில் அது கனடாத் தம்பியின் முகவரியாகத்தான் இருக்கும். வன்னியில் நான் திறந்து பார்க்கும் பாடசாலை, கோயில் தளங்களில் பெரும்பாலும் இதே கதைதான். காசும் உழைப்பும் அங்கிருந்து வந்தது, சாவியும் அங்கேயே நின்றுவிட்டது. ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தால் அங்கே காலை. ஸ்பாம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கோ. அந்த இணைப்பு ஒரு நாளைக்குத்தான் செல்லும், ஆறப்போடக் கூடாது.

மெயில் கிடைக்காவிட்டால், ஹோஸ்டிங் சீபெனலின் (தளத்தை வைத்திருக்கும் நிறுவனம் தரும் கட்டுப்பாட்டுப் பக்கம்) கடவுச்சொல்லையாவது வாங்குங்கோ. அதில் பைல் மனேஜருக்குள் 'டபிள்யூபி-கொன்பிக்' கோப்பைத் திறந்து, பிழை தேட உதவும் டீபக்கை 'ட்ரூ' ஆக்கி, டீபக் லொக்கையும் 'ட்ரூ' ஆக்கி, டீபக் டிஸ்பிளேயை மட்டும் 'ஃபோல்ஸ்' ஆக்குங்கோ. தளத்தை ஒருமுறை திறந்துவிட்டு வந்தால் 'டபிள்யூபி-கொன்டென்ட்' கோப்புறைக்குள் 'டீபக்.லொக்' என்று ஒரு கோப்பு கிடக்கும். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'வோர்னிங்', 'டெப்ரிகேற்றட்' என்று தொடங்கும் வரிகளை இப்போதைக்குத் தாண்டுங்கோ. 'பேட்டல் எரர்' என்ற வரியில் ஒரு நீளப் பாதை இருக்கும். அதில் 'பிளக்இன்ஸ்' என்ற சொல்லுக்கு அடுத்து வருகிற பெயர்தான் உங்களுக்கு வேண்டியது. அந்தப் பெயருள்ள கோப்புறைக்கு மட்டும் பெயரின் கடைசியில் 'பழசு' என்று ஆங்கில எழுத்தில் சேர்த்துவிட்டால் தளம் எழும்பும்.

ஒரு விதிவிலக்கு. அந்த வரியில் மெமரி தீர்ந்தது என்றும் 134217728 பைட் என்றும் இருந்தால், அது 128 எம்பி வரம்பு. அங்கே பெயர் வந்த பிளக்இன் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். நிரம்பி வழியும் முல்லைத்தீவு பஸ்ஸில் கடைசியாக ஏறினவரை ஏசுகிற மாதிரித்தான் அது. மெமரியைத் தின்றது வேறொன்றாக இருக்கும்.

பெயர் ஒன்றும் பிடிபடாவிட்டால் 'பிளக்இன்ஸ்' கோப்புறை முழுவதற்கும் பெயரை மாற்றி, நிர்வாகப் பக்கத்தில் பிளக்இன் பட்டியலை ஒருமுறை திறந்து, பிறகு பழைய பெயரையே வையுங்கோ. எல்லாம் நின்றிருக்கும், அமைப்புகள் அழியாது. ஒன்றை இயக்கு, தளத்தைப் பார், அடுத்ததை இயக்கு. அலுப்புத்தான். எழும்பின தளம், ஒரு பிளக்இன்னை இயக்கியதும் விழுந்தால், அது மட்டும் பிழை என்று தீர்ப்புச் சொல்லிவிடவும் ஏலாது. முன்னால் இயக்கியதில் ஒன்றோடு அது முட்டியிருக்கலாம். மற்றவற்றை நிறுத்திப் பார்த்தால் சோடி அகப்படும். இரண்டில் எது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்த்து, பழையதை அனுப்பிவிடுங்கோ.

வேலை முடிந்ததும் டீபக்கை நிறுத்தி அந்த லொக் கோப்பை அழியுங்கோ, முகவரி தெரிந்தவர் எவரும் வெளியிலிருந்து அதை வாசிக்கலாம். நிர்வாகி மெயிலையும் பாடசாலை முகவரிக்கு மாற்றுங்கோ. உறுதிப்படுத்தும் மெயில் புது முகவரிக்குத்தான் வரும், அதைத் திறந்து அழுத்தினால்தான் மாறும். தம்பிக்கு ஒரு நன்றிக் கடிதமும் போடுங்கோ, கோவிக்க மாட்டார்.

கேள்வி: நான் எதையும் தொடவில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் தளம் விழுந்திருக்கிறது. இது எப்படி?
– வவுனியா வாசகர்

பதில்: நீங்கள் தொடவில்லை, ஹோஸ்டிங்காரர் தொட்டிருப்பார். வேர்ட்பிரஸ் ஓடுகிற நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்தது. அதற்குப் பிறகு வாடிக்கையாளரை எட்டாம் பதிப்புக்கு ஏற்றிவிடுகிறார்கள். 'ஈச்' என்ற பழைய பங்ஷன் எட்டில் இல்லை. அதை நம்பி எழுதிய பிளக்இன் அந்த வரிக்கு வந்தவுடன் விழும். சீபெனலில் பதிப்பைத் தற்காலிகமாக இறக்கி, அந்தப் பழைய பிளக்இன்னுக்கு மாற்று ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்ப ஏற்றுங்கோ. இறக்கினபடியே விட்டுவிடாதையுங்கோ.

கேள்வி: எங்கள் தங்குமிடத் தளத்தில் படங்கள் நகரவில்லை, முன்பதிவுப் பொத்தானும் அசையவில்லை. எரர் ஒன்றும் காட்டவில்லை. வேகத்துக்காக இரண்டு கேஷ் பிளக்இன் (பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைத்துத் தருபவை) போட்டிருக்கிறேன்.
– புதுக்குடியிருப்பு

பதில்: கடைசி வசனத்திலேயே விடை இருக்கிறது தம்பி. இரண்டு கேஷ் பிளக்இன்னும் ஒரே கோப்பில்தான் எழுத வேண்டும், அந்த இடம் ஒன்றுதான். ஒன்றைக் கழற்றுங்கோ. மற்றதில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாக்கும் தெரிவை நிறுத்திக் கேஷை வெறுமையாக்குங்கோ. பெரும்பாலும் பொத்தான் அதோடு உயிர் பெறும். இல்லையென்றால் 'ஹெல்த் செக் அன்ட் ட்ரபிள்ஷூட்டிங்' என்ற இலவசப் பிளக்இன்னைப் போடுங்கோ. அதன் சோதனை நிலையில் உங்கள் கண்ணுக்கு மட்டும் எல்லா பிளக்இன்னும் நின்றிருக்கும். விருந்தினருக்குத் தளம் வழமைபோல் தெரியும், பட்டப்பகலிலேயே சோதிக்கலாம். வேகம் வேண்டுமென்றால் போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் சிறிதாக்கி ஏற்றுவது எந்தக் கேஷையும்விடப் பலன் தரும்.

கேள்வி: அப்டேற் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது 'பராமரிப்பு' என்று நிற்கிறது.
– ஒட்டுசுட்டான்

பதில்: மாரியில் இது அடிக்கடி வரும். பத்து நிமிடம் பொறுங்கோ, தானாகவே விலகும். விலகாவிட்டால் தளத்தின் முதல் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் 'மெயின்டெனன்ஸ்' கோப்பை அழியுங்கோ. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் அது கண்ணில் படும். பாதியில் நின்ற பிளக்இன்னைத் திரும்ப அப்டேற் செய்யவும் வேண்டும்.

கேள்வி: காசுக்கு விற்கும் பிளக்இன் ஒன்றை மச்சான் பென்டிரைவில் இலவசமாகத் தந்தார். போடலாமா?
– மாங்குளம்

பதில்: வேண்டாம். பெரும்பாலான பிளக்இன்களின் உரிமம் பிரதி எடுக்க இடம்கொடுக்கிறது, அதில் சட்டச் சிக்கல் குறைவு. ஆனால் இடையில் எத்தனை கை மாறி, யார் என்ன வரியைச் செருகினார்கள் என்று மச்சானுக்கும் தெரியாது.

கேள்வி: தமிழில் தலைப்பு வைத்தால் பக்க இணைப்பு பாதியில் வெட்டுப்படுகிறது. எந்த பிளக்இன் இதைச் செய்கிறது?
– பரந்தன்

பதில்: எந்த பிளக்இன்னும் இல்லை. இணைப்புக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியது 200 இடம். தமிழில் 'க' என்ற ஒரு எழுத்துக்கே ஒன்பது இடம் போகும், புள்ளி வைத்தால் இன்னொரு ஒன்பது. நீளத் தலைப்பு தாங்காது. தலைப்பைத் தமிழிலேயே விடுங்கோ. இணைப்புப் பெட்டியில் மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு சொல் போட்டு, அதன் பிறகு வெளியிடுங்கோ.